நான்காம் இயலில் தொடங்குங்கள்

நூல் நிறைவைக் கொண்டாடும் இந்தக் கத்த நாள் அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும், ஊரே 'சி' என்று மரியாதை சேர்த்து அழைக்கும் பெருமதிப்பிற்குரிய சி தீஜானி அவர்களே, இந்த மன்றத்தின் மூச்சும் முதுகெலும்பும் முன்னுரையுமாக விளங்கும் செயலாளர் சி முன்ஜி அவர்களே, காதோரம் மல்லிகைச் செண்டு செருகி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மஹ்தியா நகரத்துப் பெரியோர்களே, இவன் பேச்சு எப்போது முடியும், தேநீர் எப்போது வரும் என்று முற்றத்துப் பக்கம் காத்திருக்கும் தாய்மார்களே, வலையைப் படகில் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் துறைமுகத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் இளைஞர்களே.

இன்னும் ஒருவரை நான் விளிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடத்தின் வெளிக்கதவுக்கு அப்பால், தெருவில், தன் பயிற்சிக் காரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, இந்த ஒலிபெருக்கி வழியாக என் சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரி தலெந்தா அவர்களே. உங்களுக்கும், உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

இந்த மேடை எனக்கென்று போட்ட மேடை அல்ல. தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். ஊரில் ஒருநாளும் தொண்டை கட்டாத ஆள் யார் என்று மன்றத்தார் தேடியிருக்கிறார்கள். வக்கீல் மஹ்ரெஸைத் தவிர வேறு யார் அகப்படுவார்? ஒப்புக்கொண்டேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சற்று நேரத்தில் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வராது.

இந்த மேசையைப் பாருங்கள். பச்சைத் துணியின் கீழே நம் ஊர் பெற்ற பேரறிஞர் இப்னு தல்மூனின் நூல் இருக்கிறது. மன்றத்தார் அச்சிட்டவற்றில் மிஞ்சிய ஒரே பிரதி. மற்றவற்றைத் துறைமுகக் கிடங்கில் கடல்நீர் தின்றுவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மக்ரூத். அதன் மேல், தேனில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட துண்டுகளைப் பிரிக்க ஒரு கத்தி. கத்த உரை ஆற்றுபவர் துணியை விலக்கி நூலைத் திறப்பார். தான் விரும்பிய ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்வார். தாய்மார்கள் குலவையிடுவார்கள், நாம் இனிப்புத் தின்போம், கலைவோம். மன்றத்தைத் தொடங்கியவர்கள் வகுத்த முறை இது. தலைவர் அவர்களே, முறை இதுதானே? தலையசைக்கிறார். நல்லது. அந்தத் தலையசைப்பை அவை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குத் தந்த தலைப்பு என்ன தெரியுமா? 'கடினமான ஞானியைக் கற்கப் புகுவோர் எங்கே தொடங்க வேண்டும்?' அழகான தலைப்பு. கேட்டவுடன் கொட்டாவி வருகிற தலைப்பு. நான் நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் சொன்னார், இப்னு தல்மூனுக்கு முன்னால் வந்தவர்களை எல்லாம் படித்துவிட்டு வரவேண்டும் என்று. இன்னொருவர் சொன்னார், அவருக்குப் பின்னால் வந்து உரை எழுதியவர்களைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று. மூன்றாமவர் தருக்கம் கற்றுவிட்டு வா என்றார். நான்காமவர் நம் செயலாளர். அவர் ஒரே சொல்லில் சொன்னார்: முன்னுரை.

முன்னால் வந்தவர்களைப் படி, பின்னால் வந்தவர்களைப் படி, பக்கத்தில் இருந்தவர்களைப் படி. அவரை மட்டும் படிக்காதே. இதுதானே இதன் பொருள்? தாகத்தோடு வந்தவனிடம் கிணறு வெட்டிய வரலாற்றைக் கற்றுக்கொண்டு வா என்றால், அவன் கற்றுக்கொண்டு வருவானா, நா வறண்டு விழுவானா?

சரி, முன்னுரைக்கு வருவோம். ஒவ்வொரு வியாழனும், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், இந்தக் கூடத்தில் மன்றத்தார் கூடுகிறார்கள். முந்திரியைவிட விலை கூடிய பைன் பருப்பு மிதக்கும் தேநீர் வருகிறது. நூல் திறக்கப்படுகிறது. 'இருத்தல் எத்தனை வகைப்படும்' என்ற முதல் வரி வாசிக்கப்படுகிறது. அதன் மேல் ஒருவர் ஐயம் எழுப்புகிறார், இன்னொருவர் ஐயத்தின் மேல் ஐயம் எழுப்புகிறார், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கிறது, நூல் மூடப்படுகிறது. இப்படியே ஓர் ஆண்டு. கத்த நாள் மட்டும் காத்திருக்காது. அது அறிஞர் மறைந்த நாள், வந்தே தீரும். அந்த நாளில் மன்றத்தார் எங்கே இருப்பார்கள்? முன்னுரையின் பாதியில். அப்புறம் என்ன செய்வார்கள்? ஒரே தாவு. முன்னுரையின் பாதியிலிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவுவார்கள். கடைசிப் பக்கத்தை வாசித்து, நூல் நிறைவுற்றது என்று அறிவித்து, மக்ரூத் தருவார்கள். மறு வியாழன் மறுபடியும் முதல் வரி. புதிய ஆண்டைப் பாதியில் தொடங்கலாமா, அது மரியாதை ஆகுமா?

நம் அப்பாக்கள் காலத்திலிருந்து இந்த ஊரில் இப்னு தல்மூனை ஆண்டுதோறும் முடிக்கிறோம். ஒருமுறையாவது படித்தோமா?

பின்னால் யாரோ, 'விஷயத்துக்கு வாங்க வக்கீலய்யா' என்கிறார். வந்துவிட்டேன் தம்பி. விஷயம் வெளியே தெருவில் நிற்கிறது.

தலெந்தாவை அறியாதவர் இங்கே யார்? இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். என் மனைவிக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் இன்று உயிரோடு இங்கே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கணவரை இழந்தவர். ஒரே மகன், நிதால். மீசை சரியாக முளைக்காத வயது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், இந்த ஊரின் எத்தனையோ பிள்ளைகளைப் போல, அம்மாவிடம் சொல்லாமல், கடலுக்கு அப்பால் போகும் படகில் ஏறினான். படகு போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. உடல் ஒதுங்கவில்லை, ஒரு செருப்புக்கூட ஒதுங்கவில்லை. அந்தக் கரையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை.

தாய்மார்களே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இந்த முற்றத்தில் தலெந்தா ஒருவர் மட்டுமா இப்படி இருக்கிறார்?

அந்த வீட்டில் இன்னொரு சிக்கல். தலெந்தாவின் கணவருக்கு அண்ணன், மீன் ஏலம் எடுக்கும் சி லமீன் அவர்கள், இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய மகளுக்கு நிச்சயமாகி நாளாகிறது. திருமணம் தள்ளித் தள்ளிப் போகிறது. துக்கமா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது? அவர் தம்பி மனைவியிடம் கேட்ட வார்த்தையை எனக்கு அவரே சொன்னார். "குலவை போடணுமா, ஒப்பாரி வெக்கணுமான்னு தெரியாம ஒரு குடும்பம் எவ்வளவு நாள்தான்மா நிக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை பாத்து பையனுக்கு ஜனாஸா தொழுதுடலாம். உடம்பு இல்லேன்னாலும் தொழலாம்னு மார்க்கத்துல இடம் இருக்கு. ஒரு முடிவு வேணும்ல." பாசத்தோடுதான் கேட்டார். தலெந்தா என்ன சொல்வது? வேண்டாம் என்றால் பைத்தியம் என்பார்கள். சரி என்றால் பெற்ற வாயாலேயே பிள்ளையைப் புதைத்தது ஆகாதா?

இந்த நிலையில்தான் போன ஆண்டு கத்த நாளுக்கு அவர் வந்தார். தத்துவம் கேட்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மனம் மாறட்டும் என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வழக்கம்போல் கடைசிப் பக்கம் வாசிக்கப்பட்டது. அதில் ஒரு வரி. நீங்களும் நானும் சிறு வயதிலிருந்து ஆண்டுதோறும் கேட்ட வரி. 'இங்கில்லாதவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை நான்காம் இயலில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.'

நாம் எல்லோரும் அந்த வரியைக் கேட்டோம், இனிப்புக்குக் கை நீட்டினோம். ஒரே ஒரு பெண் கையை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "நாலாம் இயல்ல என்ன சொல்லியிருக்காரு?" அவருக்குத் தெரியவில்லை. அவர் தன் கணவரைக் கேட்டார், கணவர் மன்றத்து உறுப்பினர் ஒருவரைக் கேட்டார். உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது ஆழமான இடம் என்றாராம். ஆமாம், ஆழமான இடம்தான். இறங்கியவர் ஒருவரும் இல்லை என்றால் ஆழத்தை யார் அளந்தார்கள்?

அடுத்த வியாழன் தலெந்தா இந்தக் கூடத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தேநீர் முடிந்ததும் எழுந்து, நான்காம் இயலை வாசிக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். செயலாளர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நீங்கள் அறிவீர்கள். "முதல்ல முன்னுரைம்மா. அது முடிஞ்சா ஒண்ணாம் இயல். படிப்படியாத்தான் வரணும்." அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று தலெந்தா கேட்டார். "அது அவங்கவங்க அறிவைப் பொறுத்தது." அப்போது தலெந்தா கேட்டார்: "உங்களுக்கு எவ்வளவு காலம் ஆச்சுங்க?"

செயலாளர் காலிக் குவளையில் கரண்டியை விட்டுக் கலக்கினாராம்.

அன்று அவர் பேசிய இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். "ஓட்டக் கத்துக்க வர்றவங்கள உக்கார வெச்சு, என்ஜின் எப்படி ஓடுதுன்னு ஒரு வருஷம் நான் பாடம் எடுத்திருந்தா, இந்த ஊர்ல இன்னும் எல்லாரும் நடந்துட்டுதான் இருப்பீங்க. நான் ஒண்ணுதான் கேப்பேன், எங்க போகணும்னு. ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி ரோட்லதான் முதல் பாடம். எனக்கு நாலாம் இயலுக்குப் போகணும்." மன்றம் என்ன மறுமொழி சொன்னது தெரியுமா? முன்னுரைக்கு மட்டும் எடுத்து வைத்திருந்த நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தது.

அவர் அதையும் படித்தார் ஐயா. சமையலறையில், பயிற்சிக்கு ஆள் வராத நேரத்தில் காருக்குள், சிக்னல் விளக்கு மாறுவதற்குக் காத்திருக்கும்போதுகூடப் படித்தார். இருத்தல் ஏழு வகைப்படும், அந்த ஏழும் மூன்றில் அடங்கும், அந்த மூன்றும் ஒன்றின் நிழல். என்னிடம் வந்து கேட்டார்: "வக்கீலய்யா, இவரு யாருக்கோ பயந்துட்டு பேசற மாதிரி இருக்கே. கோர்ட்டுல கூண்டுல நிக்கறவன் இப்படித்தானே பேசுவான்?" நான் சிரித்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆயுள் முழுவதும் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த குரல் அது. குற்றம் சாட்டப்பட்டவனின் குரல். எதற்காக ஒரு ஞானி தன் நூலின் முதல் பக்கத்தில் கூண்டில் நிற்கிறான்? எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கியது சென்ற மாதம். ஒரு நாள் காலையில் மன்றத்துக் கதவு திறந்திருந்தது. காவலாளி சி பூபக்கர் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் யார் வீட்டு விசேஷத்திலிருந்தோ வந்த மக்ரூத் தட்டு மேசை மேல் இருந்தது. தலெந்தா நூலைப் பார்க்கலாமா என்று கேட்டார். பாருங்களேன் அக்கா என்று அவர் எடுத்துக் கொடுத்தார். பாவம், புத்தகம் பார்ப்பதற்கென்று இருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

தலெந்தா நூலைத் திறந்தார். முன்னுரைப் பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. கடைசிப் பக்கத்தில் தேன் கறை. நடுவில்? பழைய அச்சு நூல்கள் எப்படி வரும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். தாளை மடித்துத் தைத்திருப்பார்கள். ஓரம் ஒட்டியிருக்கும். படிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னுரை முடிகிற இடத்திலிருந்து கடைசித் தாள் வரை ஒரு பக்கம்கூடப் பிரிக்கப்படவில்லை. அச்சகத்திலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது, கன்னி கழியாமல்.

சி முன்ஜி அவர்கள் எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். நீங்கள் முன்னுரையை எத்தனை முறை நிதானமாகப் படித்தீர்கள், என்னை ஒருமுறை பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

தலெந்தா என்ன செய்தார்? தட்டில் இருந்த கத்தியை எடுத்தார். தேனைத் தன் துப்பட்டாவில் துடைத்தார். நான்காம் இயலின் முதல் தாளைப் பிரித்தார். வாசித்தார். வாசித்ததை மனப்பாடமாக என்னிடம் வந்து சொன்னார். அவையோரே, நம் ஊர் பெற்ற ஞானி நம்மோடு பேச நினைத்த முதல் பேச்சை நீங்கள் இப்போதுதான் கேட்கப்போகிறீர்கள்.

'இந்த இயலைத்தான் நான் முதலில் எழுதினேன். கப்பலில் போன மகனைப் பற்றிக் கேட்டு ஒரு பெண் என் கதவைத் தட்டினாள். அவளுக்கு மறுமொழி தேடப் போய்த்தான் இந்த நூல் உண்டாயிற்று. முன்னுரை கடைசியில் வந்தது. நான் வழி தவறியவன் என்று காஜியாரிடம் சொன்னார்கள், அவர் விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். தன் வாசலில் காஜி வந்து நிற்காதவர் அதைத் தாண்டிப் போகட்டும்.'

தாண்டிப் போகட்டும். கேட்டதா? தாண்டிப் போகட்டும் என்கிறார். அவர் தாண்டச் சொன்னதில் நாம் குடியிருந்தோம். அவர் காஜிக்குச் சொன்ன சமாதானத்தை நாம் வேதம் என்றோம். அவர் ஒரு தாய்க்குச் சொன்ன மறுமொழியை ஒட்டியபடியே வைத்துப் பச்சைத் துணி போர்த்தினோம். காஜி போய்ச் சேர்ந்து பல நூறு ஆண்டு ஆகிறது. அவருடைய நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நான் பெயர் சொல்லமாட்டேன். நாற்காலி சொல்லும்.

தலெந்தா அடுத்த தாளுக்குக் கத்தியைக் கொண்டுபோனபோது செயலாளர் வந்துவிட்டார். நூல் பிடுங்கப்பட்டது. மறுநாள் வெளிக்கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெளியே போகும்போது படியுங்கள். 'மன்றத்தின் அரிய நூலில், மன்றம் தொடங்கிய நாள் முதல் ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்துச் சேதப்படுத்தியமையால் தலெந்தா என்பவர் இனி இக்கூடத்துக்குள் வரக்கூடாது.'

நான் எத்தனையோ புகார்களைப் பார்த்தவன். புகார் கொடுத்தவரே முதல் வரியில் குற்றத்தை ஒப்புக்கொண்ட புகாரை இதுவரை பார்த்ததில்லை. மன்றம் தொடங்கிய நாள் முதல் ஒட்டியிருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே ஐயா. ஒரு நூலுக்கு எது சேதம்? பிரித்துப் படித்ததா, பிரிக்காமல் வைத்திருந்ததா? கதவைத் தட்டியவளுக்காக எழுதிய நூலைக் காட்டி, கதவைத் தட்டியவளை விரட்டினீர்களே. எனக்கு வயிறு எரிகிறது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது.

'மன்றத்தை அவமானப்படுத்தாதீங்க' என்று ஒரு குரல். யாரும் அவமானப்படுத்தவில்லை ஐயா. மன்றம் இல்லாவிட்டால் இந்த ஒரு பிரதியும் கடலுக்குள் போயிருக்கும். காப்பாற்றியதற்கு நூறு முறை நன்றி. ஆனால் எதற்காகக் காப்பாற்றினீர்கள்? அவளுக்காகத்தானே?

தலைவர் அவர்களே, எனக்குத் தந்த தலைப்புக்கு இப்போது விடை சொல்கிறேன். கடினமான ஞானியை எங்கே தொடங்குவது? உனக்கு வலிக்கிற இடத்தில் தொடங்கு. உன் கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் முதல் பக்கம். புரியாவிட்டால் பின்னுக்குப் போ, முன்னுக்குப் போ, யாரையாவது கேள், முன்னுரையையும் படி, யார் தடுத்தார்கள்? ஆனால் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படி. கேள்வியே இல்லாதவன் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். அவன் மக்ரூத்தில் முடிப்பான்.

இப்போது மன்றத்து முறைப்படி துணியை விலக்குகிறேன். நூலைத் திறக்கிறேன். கடைசிப் பக்கத்தை அல்ல. தலைவர் மேசையைத் தட்டுகிறார். ஐயா, உரை ஆற்றுபவர் திறப்பார், விரும்பியவரை அழைப்பார் என்றேன், நீங்கள் அவையறியத் தலையசைத்தீர்கள். எந்தப் பக்கம் என்று முறையில் இல்லை. இதோ கத்தி. தேன் துடைத்தாகிவிட்டது, கவலைப்படாதீர்கள். இதோ இரண்டாம் தாள். இதோ மூன்றாவது. இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். நம் ஊரில் நெடுநாள் கேட்காத சத்தம்.

சகோதரி தலெந்தா அவர்களே, உள்ளே வாருங்கள். சி பூபக்கர், கதவைத் திறந்துவிடுங்கள். தம்பிகளே, வழி விடுங்கள்.

அவர் வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் படிக்கவில்லை. மகன் இறந்துவிட்டான், அழுது முடி என்று அந்த ஞானி சொல்லியிருக்கவும் கூடும். நேற்று தலெந்தாவிடம் இதைத்தான் கேட்டேன், நாலு பேர் நடுவில் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சொன்னார்: "இருக்கட்டும் வக்கீலய்யா. எல்லாரும் எனக்குப் பதிலா முடிவு பண்றாங்க. இவரு ஒருத்தருதான் என்னை மாதிரி ஒருத்தி கேட்டதுக்கு உக்காந்து யோசிச்சிருக்காரு. என்ன சொல்றாரோ கேட்டுக்கறேன்."

வாருங்கள் அம்மா, படியில் பார்த்து ஏறுங்கள். ஒலிவாங்கி வேண்டாம் என்கிறார். பரவாயில்லை. அவர் வாசிக்கட்டும், ஒவ்வொரு பகுதியாக நான் பின்வரிசைக்குத் திருப்பிச் சொல்கிறேன். அமைதி. தேநீர்த் தட்டை அப்படியே கீழே வையுங்கள்.

'அவள் கேட்டாள்: என் மகன் இருக்கிறானா, இல்லையா? நான் சொன்னேன்: அவன் இல்லை என்பது ஒரு செய்தி. அவன் இங்கே இல்லை என்பது வேறு செய்தி. உன்னிடம் இருப்பது இரண்டாவது மட்டும். முதலாவதை உன் வாயிலிருந்து கேட்பவர், பார்க்காததைப் பார்த்தேன் என்று உன்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார். சொத்தைப் பிரிக்கவும் மறுமணம் முடிக்கவும் காஜியார் காலக்கெடு வைக்கலாம். அது ஊர் நடக்க வேண்டியதற்கு. தாயின் நெஞ்சுக்குக் கெடு வைக்க எந்தக் காஜிக்கும் அதிகாரம் இல்லை.'

கேட்டதா பின்வரிசைக்கு? எந்தக் காஜிக்கும் அதிகாரம் இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பாருங்கள், எதற்காகக் கூண்டில் நின்றார் என்று பாருங்கள்.

மேலே வாசிக்கிறார்.

'ஆனால் காத்திருப்பவள் கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் எந்த அறிவும் சொல்லவில்லை. கதவு தாழிடாமல் இருந்தால் போதும். அவள் உண்ணலாம், உறங்கலாம், சிரிக்கலாம். உண்பதால் அவள் அவன் இறந்ததற்குச் சாட்சி ஆகமாட்டாள். சிரிப்பதால் அவனைக் கைவிட்டவள் ஆகமாட்டாள். தேடுவது ஊரின் கடன். அதைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றிய ஊருக்கு, அவள் அழுகையைக் கணக்குக் கேட்க உரிமை இல்லை.'

நிறுத்திவிட்டார். நிற்கட்டும். அவசரமில்லை. நம் அப்பாக்கள் காலத்திலிருந்து காத்திருந்த பக்கம் இது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். தண்ணீர் கொடுங்கள் யாராவது. சி முன்ஜி அவர்கள் தன் குவளையை நீட்டுகிறார். நன்றி ஐயா. உண்மையாகவே நன்றி.

கடைசி வரிகளை வாசிக்கிறார்.

'என் மறுமொழியால் அவள் மகன் திரும்பவில்லை. இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.'

நான்காம் இயல் அவ்வளவுதான்.

சி லமீன் அவர்கள் எழுந்திருக்கிறார். வாருங்கள், பேசுங்கள். இல்லை என்று தலையசைக்கிறார், தலெந்தாவை மட்டும் பார்க்கிறார். தலெந்தா அவரிடம் ஏதோ சொல்கிறார். அம்மா, இதை நான் அவைக்குச் சொல்லலாமா? சரி என்கிறார். அவர் சொன்னது இதுதான். "மச்சான், அந்த ஜனாஸா தொழுகை வேண்டாம். பொண்ணு கல்யாணத்துக்கு நாள் குறிங்க. முதல் குலவை நான் போடறேன். நிதாலுக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்க, அவ்வளவுதான்."

சி லமீன் காதிலிருந்த மல்லிகைச் செண்டை எடுத்து நூலின் மேல் வைக்கிறார். இதற்கு மேல் என் உரைக்கு வேலை இல்லை.

தலைவர் அவர்களே, கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நீங்களே கிழித்துவிடுங்கள். நான் கிழித்தால் அதையும் சேதம் என்பீர்கள். என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், தொண்டை கட்டிய பேராசிரியருக்கும், முன்வரிசையில் முகம் சிவந்தாலும் எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும், தேநீர் ஆறிப்போன தாய்மார்களுக்கும் என் நன்றி. கடலில் இருக்கும் நம் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அவர்கள் மேலும், கரையில் இருக்கும் உங்கள் எல்லோர் மேலும் சாந்தி நிலவட்டும்.

எல்லோரும் மக்ரூத் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பிய்த்துத் தின்னுங்கள், பரவாயில்லை. கத்தியை மட்டும் மேசையிலேயே விட்டுவிடுங்கள். ஐந்தாம் இயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.